மருந்து எழுதாத டாக்டரம்மா

குழந்தைக்கு மருந்து எழுத யாராலும் ஆகும். எழுதாமல் அனுப்பத்தான் படித்த படிப்பு பத்தாது, கல்நெஞ்சும் வேண்டும். கருவடிக்குப்பத்தில் கிளினிக் வைத்திருக்கிறேன். உங்கள் ஊரிலும் இதே பாடுதான் என்று தெரியும், கேளுங்கள்.

வெறுங்கை

செல்வி தட்டாஞ்சாவடியில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்ப்பவள். மகள் யாழினிக்குச் சளி, இருமல், லேசான காய்ச்சல் என்று தூக்கிக்கொண்டு வந்தாள். காது, தொண்டை, நெஞ்சு எல்லாம் பார்த்தேன். வைரஸ் சளி. தானாகச் சரியாகும், ஆன்டிபயாடிக் வேண்டாம், மூச்சு வாங்கினால் உடனே வா என்றேன். அவளுக்கோ மறுநாள் லீவு கிடையாது, மூக்கு ஒழுகும் பிள்ளையைப் பால்வாடியில் விடவும் முடியாது. முகம் சுண்டிப்போனது.

"தானா போவும்னு எங்க வூட்டுச் செவுரு கூட சொல்லும். அதுக்கா மேடம் டோக்கன் குடுத்து உக்கார வச்சீங்க?"

பிரிட்ஜ் கதவு

கேட்காமலே ஆன்டிபயாடிக் கொடுக்கும் பக்கத்துத் தெரு டாக்டரிடம் போயிருப்பாள் என்று நினைத்தேன். அதற்கும் நேரமில்லை போலிருக்கிறது. நாலைந்து நாளில் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்று என்னிடமே வந்து நின்றாள். பவுடரில் தண்ணீர் கலக்கிக் கொடுக்கிற ஆன்டிபயாடிக் சிரப் இருக்கிறதே, கலக்கினால் ஒரு வாரம் தாங்கினாலே பெரிது. பக்கத்து வீட்டு அக்கா பொங்கல் சமயத்தில் கலக்கியது, மாதக்கணக்காகத் தெருவில் யார் பிள்ளை தும்மினாலும் கைமாறிக்கொண்டிருந்திருக்கிறது. அதைத்தான் வாங்கி யாழினிக்கும் கொடுத்திருக்கிறாள். எனக்கு வந்ததே கோபம்! கண்டபடி கொடுத்தால் நிஜமாகத் தேவைப்படும் நாளில் அது வேலை செய்யாது என்று கத்திவிட்டேன்.

"கெட்டுல்லாம் போவல மேடம். அக்கா அத பிரிட்ஜ் கதவுலதான் வச்சிருந்தாங்க, மீன் கொழம்பு பக்கத்துல கூட வைக்கல."

தேவைப்பட்ட நாள்

அந்த நாள் மழைக்காலத்தில் வந்தது. யாழினிக்கு உடம்பு அனலாகக் கொதித்தது, சட்டையைத் தூக்கினால் வயிறு படபடவென்று ஏறி இறங்கியது. நிமோனியா. ஆன்டிபயாடிக் எழுதினேன். செல்வி சீட்டைத் தொடவில்லை. "இன்னும் ரெண்டு நாள் பாக்கலாமே, நீங்கதான சொன்னீங்க?" என்றாள். என் பேச்சைத் தெரு முழுக்கப் பரப்பியதும் அவள்தானாம்! அவள் கையைப் பிடித்துப் பிள்ளையின் நெஞ்சில் வைத்தேன். "இது சளி இல்லம்மா, மூச்சப் பாரு. இப்பவே குடுக்கணும். நாளைக்குக் கூடிச்சுன்னா கதிர்காமம் பெரியாஸ்பத்திரிக்குப் போயிடணும்" என்றேன். வாங்கிப் போனாள்.

மருந்து நன்றாகவே கேட்டது. அடுத்த முறை வந்த யாழினி என் ஸ்டெதாஸ்கோப்பைப் பிடித்து இழுத்தாள். செல்வி பெருமூச்சு விட்டாள்.

"நீங்களும் பக்கத்துத் தெரு டாக்டர் மாதிரி ஆயிட்டீங்களோன்னு பயந்தே பூட்டேன் மேடம்."

எழுதாவிட்டாலும் பேச்சு, எழுதினாலும் பேச்சு, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. ஆனாலும் அந்தப் பிள்ளை இழுத்த இழுப்புக்கு இன்னும் கொஞ்சம் இடி வாங்கிக்கொள்ளலாம்.