மடக்கு சைக்கிளில் மண் பாதை

பல் கிளினிக்கில் டோக்கன் கொடுக்கும் அக்காவுக்கே முன்பல் உடைந்தால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்? டாக்டரே முகத்தைத் திருப்பிச் சிரித்துவிட்டுத்தான் ஊசி போட்டார்.

அக்காவுக்கு ஐம்பத்தாறு வயது. அவளுடைய மடக்கு சைக்கிள் மகள் வாங்கிக் கொடுத்தது. பஸ் நிறுத்தம் வரை மிதித்துப் போய், மடித்து பஸ்ஸில் ஏற்றி, கிளினிக்கில் மேசைக்கடியில் தள்ளிவிடலாம் என்பது மகளின் கணக்கு. அக்காவின் கணக்கு வேறு. விடுமுறை நாள் விடிந்தால் போதும், ஏரிக்கரைக்குப் பின்னால் போகும் மண் பாதையில் இறங்கிவிடுவாள். வழியெல்லாம் கல்லும் வேரும் சேறும். அந்தச் சின்னச் சக்கரம் குழியில் இறங்கினால் முதுகெலும்பு வரை சேதி போகும். தடித்த டயர் சைக்கிளில் வரும் இளவட்டங்கள் விட்டுவைப்பார்களா?

"அக்கா, இது ரோட்டுல ஓட்டுற வண்டிக்கா."

"அது வண்டிக்குத் தெரியாது. நீங்க சொல்லிக் குடுத்துடாதீங்க."

போன வாரம் சரிவில் இறங்கும்போது வண்டி நடுவில் மடங்கியது. அக்கா நிஜமாகவே மண்ணைக் கவ்வினாள். சேதி கேட்டு வந்த மகள், வண்டியை விற்றே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். வாங்க ஆளும் பேசிவிட்டாள்.

"சாயங்காலம் வந்து எடுத்துட்டுப் போயிடுவாங்க. அந்தப் பாதை உன்னைக் கொன்னுடும்மா."

உண்மை அக்காவுக்குத் தெரியும். பஸ் நிறுத்தம் வரைக்கும்தானே, இதோ மறுபடி மடிக்கப்போகிறோமே என்று வண்டி மடங்காமல் பூட்டும் நடுக்கொக்கியை அரைகுறையாகத் தட்டிவிடுவது அவள் வழக்கம். தார் ரோடு அதைப் பொறுத்துக்கொண்டது, சரிவு பொறுக்கவில்லை. இதைச் சொன்னால் மகள் பிடித்துக்கொள்வாள் என்றும் தெரியும். ஆனாலும் பாதையின் மேல் பழி போட அக்காவுக்கு மனசு வரவில்லை.

"பாதை ஒண்ணும் பண்ணலடி. நான்தான் கொக்கியைச் சரியாப் போடல."

"பாத்தியா? வயசாச்சு, மறந்துபோகுது."

"நீ எத்தனை தடவை பாலைப் பொங்க விட்டிருக்கே? அடுப்பையா வித்தோம்?"

மகளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். பிறகு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "உனக்கு ஏதாவது ஆயிட்டா நான் என்னம்மா பண்ணுவேன்? அப்பாவும் இல்ல."

அக்காவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. வண்டியைக் கூடத்தில், கட்டிலுக்குப் பக்கத்திலேயே விரித்தாள். கொக்கியை அழுத்திப் பூட்டி, ஆட்டிப் பார்த்தாள்.

"உங்கப்பா கடைசிக் காலம் முழுக்க அந்தக் கட்டில்லதான் கிடந்தார். பத்திரமாத்தான் இருந்தார். ஒரு தடவைகூட விழல."

சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வெளியே போனாள். மகள் அந்தக் கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு போனை எடுத்து, வாங்க வருபவரிடம் வண்டி விற்பனைக்கு இல்லை என்றாள்.