எட்டுக்குப் பிறகு ஒன்று

சவரிமுத்து மாஸ்டர் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் ஒன்பதாம் வகுப்பில் முக்கோணவியல் நடத்திக்கொண்டிருந்தேன். அது என் பீரியட்கூட இல்லை, விளையாட்டுப் பீரியட். பாடம் பாதியில் நிற்கிறது என்று புதிய பி.டி. ஆசிரியரிடம் கேட்டு வாங்கியிருந்தேன். மாஸ்டரின் மகள் ஸ்டெல்லா போனில் அழுதாள். "வாக்கிங் போயிட்டு வந்து நாற்காலியில உக்காந்தாங்க அங்கிள். காபி போட்டு எடுத்துட்டு வர்றதுக்குள்ள..."

உண்மையைச் சொல்கிறேன், முதலில் வந்தது கோபம்தான். தினம் ஐந்து கிலோமீட்டர் நடந்தவர், எண்ணெய்ப் பலகாரத்தைத் தொடாதவர், ஓய்வு பெற்று இரண்டு வருடம்கூட முழுதாக ஆகாதவர் போய்விட்டார். சாயங்காலம் ஆனால் பஜ்ஜி இல்லாமல் முடியாத நான் குத்துக்கல்லாட்டம் இருக்கிறேன். இதில் என்ன கணக்கு இருக்கிறது, எனக்கு விளங்கவில்லை.

எங்கள் பள்ளியில் வேலை பார்த்தவர்களுக்கும் படித்தவர்களுக்கும் அவரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கழுத்தில் விசில், வெள்ளை கேன்வாஸ் ஷூ, மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்குக் கேட்கிற குரல். எனக்கும் அவருக்கும் இருபது வருடப் பழக்கம் என்பதைவிட, இருபது வருடம் அவருடைய பீரியடைப் பிடுங்கியவன் நான் என்பதே சரி. எந்தப் பள்ளியிலும் கணக்கு வாத்தியாருக்குப் பாடம் முடியவில்லை என்றால் பலியாவது விளையாட்டுப் பீரியட்தானே. வகுப்பு வாசலில் வந்து நிற்பார். நான் கரும்பலகையைக் காட்டுவேன். "எடுத்துக்கங்க கணக்கு சார்" என்று போய்விடுவார். பின்னாலிருந்து பையன்களின் பெருமூச்சு கேட்கும்.

ஊரடங்கு வந்ததும் எல்லோரும் வீட்டில் முடங்கினோம். மூன்றாம் நாள் காலை ஆறரைக்கு போன். "கணக்கு சார், நீங்க வாங்கின பீரியடை எல்லாம் திருப்பித் தர்ற நேரம் வந்துருச்சு. மாடிக்குப் போங்க. அம்மாவையும் கூட்டிட்டுப் போங்க." சொல்லிவிட்டு போனிலேயே விசில் ஊதினார். காதில் வைத்துக்கொண்டிருந்த எனக்குப் பொறி கலங்கியது. அவர் பாலக்கரையில், நான் ஸ்ரீரங்கத்தில். நடுவில் காவிரி, பாலம், போலீஸ் தடுப்பு எல்லாம் இருந்தும் அந்த மனிதரிடமிருந்து தப்பிக்க முடியவில்லை.

போனை மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் வைத்துவிட்டு, காபி டம்ளரோடு நாற்காலியில் உட்கார்ந்துகொள்வேன். அவர் எண்ணுவார். நான் நடுநடுவே "ஆச்சு மாஸ்டர், ஆச்சு மாஸ்டர்" என்பேன். அவர் 'அம்மா' என்கிற என் மனைவி வசந்தா மட்டும் நிஜமாகவே செய்வாள். நாலாம் நாளே பிடித்துவிட்டார். "அம்மாவுக்கு மூச்சு வாங்குறது கேக்குது. உங்களுக்கு வாங்கல. உறிஞ்சுற சத்தம்தான் கேக்குது. டம்ளரைக் கீழ வைங்க சார்." வசந்தா சிரித்த சிரிப்பில் பக்கத்து மாடிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

அவர் எண்ணுவதே எனக்கு ஆகாது. ஒண்ணு, ரெண்டு என்று எட்டு வரை போவார். எட்டு முடிந்ததும் மறுபடி ஒண்ணு. எல்லா பி.டி. மாஸ்டரும் அப்படித்தான் எண்ணுகிறார்கள் என்பது தெரியும். ஆனாலும் காலங்கார்த்தாலே அதைக் கேட்டால் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றும். "எட்டுக்கு அப்புறம் ஒன்பது மாஸ்டர்" என்று ஒருநாள் கத்தினேன். "ஒன்பதுன்னு போனா நூறு வரைக்கும் போகணுமேன்னு மலைப்பா இருக்கும் சார். எட்டு முடிஞ்சா ஒண்ணு. அவ்வளவுதான்" என்றார். ஊரடங்கை நீட்டித்தபோதெல்லாம் இதையேதான் சொன்னார். இந்த மாதத்தோடு முடியும் என்பார்கள், முடியாது. திறப்பார்கள், மூடுவார்கள். நான் டி.வி. முன்னால் உட்கார்ந்து திட்டிக்கொண்டிருப்பேன். அவர் போனில், "எட்டு முடிஞ்சிருச்சு சார். ஒண்ணு" என்பார். ரிமோட்டை வீசலாம் போல இருக்கும்.

இரண்டாவது அலையில் வசந்தாவின் தங்கை சமயபுரத்தில் இறந்துபோனாள். கொள்ளிடத்தைத் தாண்டினால் சமயபுரம். பஸ் ஓடுகிற காலத்தில் அரைமணி நேரம்கூட ஆகாது. முகத்தைப் பார்க்கப் போக முடியவில்லை. யாரோ வீடியோவில் காட்டினார்கள், அதுவும் பாதியில் நின்றுவிட்டது. வசந்தா போனைக் கீழே வைத்துவிட்டுப் படுத்தாள். படுத்தவள் எழுந்திருக்கவில்லை. நான் ஊட்டினால் இரண்டு வாய் சாப்பிடுவாள், ஒரு வார்த்தை பேசமாட்டாள். டாக்டருக்கு போன் செய்தால், உடம்பில் ஒன்றும் இல்லை, எழுப்பி நடக்க விடுங்கள் என்றார். எப்படி எழுப்புவது என்று அவர் சொல்லவில்லை. இவளும் போய்விடுவாளோ என்று ராத்திரியில் எழுந்து எழுந்து மூச்சைப் பார்த்தேன்.

மாஸ்டருக்கு விஷயம் தெரியும். தெரிந்தும் ஆறரைக்குக் கூப்பிட்டார். மறுநாளும் கூப்பிட்டார். ஒரு வாரம் பொறுத்தேன். எட்டாம் நாள் வெடித்துவிட்டேன். "இது செத்த வீடு மாஸ்டர். விசில் ஊத வேற வீடு பாருங்க. உங்க பீரியடை ஸ்கூல்ல ஒருத்தரும் மதிச்சதில்ல. ஏன்னு இப்பத்தான் தெரியுது." "சரிங்க சார்" என்று வைத்துவிட்டார்.

மறுநாள் ஆறரைக்கு போன் அடிக்கவில்லை. அப்பாடா என்றிருந்தது. இரண்டாம் நாளும் இல்லை, மூன்றாம் நாளும் இல்லை. நாலாம் நாள் காலை வசந்தா சுவரைப் பார்த்தபடியே கேட்டாள், "மாஸ்டர் கூப்பிடலையா?" தங்கை போன பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது. இல்லை என்றேன். ஏன் என்று சொல்லவில்லை. அவள் போர்வையைத் தலைவரைக்கும் இழுத்துக்கொண்டாள்.

கூடத்துக்கு வந்து போனை எடுத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார். மன்னிப்புக் கேட்கத்தான் எடுத்தேன், கேட்கவில்லை. வறட்டு கௌரவம் விடவில்லை. "மாஸ்டர், முதல் பீரியட் உங்களுது" என்று மட்டும் சொன்னேன். அவரும் எதையும் கேட்கவில்லை. "மாடிக்கு வேணாம் சார். அம்மாவைக் கட்டில்லயே உக்கார வைங்க. ஒரு கையை மட்டும் தூக்கினாப் போதும்." அன்று விசில் ஊதவில்லை. மெல்ல எண்ணினார். மூன்றில் வசந்தாவின் கை உயர்ந்தது. எட்டில் அவள் வெடித்து அழுதாள். எனக்குப் பதறிவிட்டது, போனை அணைக்கப் போனேன். "வைக்காதீங்க சார். அம்மா அழட்டும். ஒண்ணு..." அவள் அழுதபடியே கையைத் தூக்கினாள். அரைமணி நேரம் அவர் எண்களைத் தவிர வேறெதுவும் பேசவில்லை. பத்து நாளில் அவள் மாடிப்படி ஏறினாள். ஊரடங்கு முடிந்த பிறகும் ஆறரை மணி போன் நிற்கவில்லை.

இவ்வளவும் செய்த மனிதருக்கு நான் என்ன செய்தேன் தெரியுமா? பள்ளி திறந்த முதல் வாரமே, பாடம் பாக்கி என்று அவருடைய பீரியடைப் பிடுங்கினேன். "எடுத்துக்கங்க கணக்கு சார்" என்று சிரித்துக்கொண்டே போனார். அன்றைக்காவது ஒரு சண்டை போட்டிருக்கலாம். போட்டிருந்தால் நானும் மன்னிப்புக் கேட்டிருப்பேன். அவர் ஓய்வு பெற்ற அன்று கழுத்தில் மாலை போட்டேன், கைகுலுக்கினேன், அப்போதும் கேட்கவில்லை.

அடக்கத்துக்கு பாலக்கரைக்குப் போயிருந்தோம். ஸ்டெல்லா வசந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். "நடுவுல நாலு நாள் உங்களுக்கு போன் பண்ணலல்ல ஆன்ட்டி, அப்பவும் ஆறரைக்கு எழுந்து போனைக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க. யாருக்குப்பான்னு கேட்டா, கணக்கு சார் கூப்பிடுவாரும்மான்னு சொல்வாங்க." வசந்தா திரும்பி என்னைப் பார்த்தாள். அந்த நாலு நாள் ஏன் போன் வரவில்லை என்று அவளுக்கு நான் அன்றுவரை சொல்லியிருக்கவில்லை. ஆட்டோவில் வரும் வழியில், காவிரிப் பாலத்தில் வைத்துச் சொன்னேன். அவள் முகத்தை ஆற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் காலை ஆறரைக்கு அவள் தனியாக மாடிக்குப் போனாள். நான் வழக்கம்போல் டம்ளரோடு பின்னால் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். கைப்பிடிச் சுவரில் போன் இல்லை. அவளே எண்ணிக்கொண்டு கையைத் தூக்கினாள். ஆறில் குரல் கரகரத்தது. எட்டு என்றாள். அதற்கு மேல் வரவில்லை. தூக்கிய கை தூக்கியபடி நின்றாள்.

முப்பது வருடமாகக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். டம்ளரைக் கீழே வைத்தேன், எழுந்து அவள் பக்கத்தில் போய் நின்றேன், கையைத் தூக்கினேன்.

"ஒண்ணு" என்றேன்.