கணக்குக்குப் பயந்தவர்களுக்குப் புள்ளியியல்

கணக்கு வராது என்பதற்காகவே அரசியல் அறிவியலில் சேர்ந்தவர்களுக்குப் புள்ளியியல் நடத்துவதுதான் என் பிழைப்பு. ஊட்டியில் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறேன். சர்வதேச உறவுகள் பாடமும் என் தலையில்தான். இதே பாடங்களோடு மல்லுக்கட்டும் சக ஜீவன்களே, உங்களுக்கு இதெல்லாம் புதிதாக இருக்காது.

சராசரி வயது

புத்தகத்தில் இருந்த உதாரணம் யாருக்கும் ஏறவில்லை. "சரி, ஒவ்வொருவரும் உங்கள் அப்பாவின் வயதைச் சொல்லுங்கள், சராசரி பார்ப்போம்" என்றேன். வகுப்பு கலகலப்பானது. அப்பாவின் வயது தெரியாமல் விழித்தவர்களைப் பார்த்து மற்றவர்கள் சிரித்தார்கள். நான் பலகையில் எழுதிக்கொண்டே வந்தேன்.

கவிதாவின் முறை வந்தது. தேவர்சோலைப் பக்கம் ஒரு எஸ்டேட்டைச் சேர்ந்த பெண். ஊட்டி பெர்ன்ஹில்லில் விடுதியில் தங்கிப் படித்தாள். அவள் அப்பாவை, விடியற்காலை டீ ஃபேக்டரிக்குப் போகும் வழியில் யானை அடித்துக் கொன்றுவிட்டது என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. எழுந்து நின்றவள் அழவில்லை. சந்தேகம் கேட்பதுபோலத்தான் கேட்டாள்: "எங்கப்பாவுக்கு இனி வயசு ஏறாதுங்க மேடம். அவரைச் சேர்க்கலாமுங்களா?"

நல்லுறவு

இலங்கைத் தோட்டங்களில் இருந்த தமிழர்களில் இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று இரண்டு அரசாங்கங்களும் பிரித்துக்கொண்ட ஒப்பந்தம் எங்கள் பாடப்புத்தகத்தில் ஒரே ஒரு பத்தி. 'அண்டை நாட்டு நல்லுறவுக்கு எடுத்துக்காட்டு' என்று அது முடியும்.

அதை நடத்திய வாரம் கோத்தகிரி யோகராஜ் வகுப்புக்கு வரவில்லை. அவன் அப்பா சின்ன வயதில் கப்பலேறி இங்கே வந்தவர். அவருடைய அண்ணன் அங்கேயே தங்கிவிட்டார். அந்த அண்ணன் இறந்துபோன செய்தி வந்திருக்கிறது. புறப்பட அப்பாவிடம் பாஸ்போர்ட் இல்லை. எஸ்டேட்டில் தொழிலாளர்களுக்குக் கொடுத்திருக்கும் லைன் வீட்டு வாசலில் சிக்னல் கிடைக்கும் இடத்தில் நின்று, காரியம் முடியும்வரை போனிலேயே பார்த்தாராம்.

திரும்பி வந்த யோகராஜிடம் விட்டுப்போன பாடத்தைச் சொன்னேன். கடைசி வரியில் விரலை வைத்தபடி கேட்டான்: "ரெண்டு நாட்டுக்கும் நல்லுறவுன்னு எழுதிடறேன் மேடம். எங்கப்பாவுக்கு என்னன்னு எழுதறது?"

தேர்ச்சி விகிதம்

கடைசி செமஸ்டரில் கவிதா கல்லூரிக்கு வருவதை நிறுத்திவிட்டாள். போன் எடுக்கவில்லை. ஒரு சனிக்கிழமை கூடலூர் பஸ் பிடித்துப் போனேன். கொழுந்துக் கூடையோடு சரிவிலிருந்து இறங்கி வந்தாள். அம்மா மழையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடந்தார். வீட்டிலிருந்து ஒருவராவது எஸ்டேட் வேலைக்குப் போகாவிட்டால் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும்.

"பரீட்சைக்கு மட்டுமாவது வந்து எழுதேன்" என்றேன். "லீவு கேட்டா வேற ஆளைப் போட்டுருவாங்க மேடம்" என்றவள், "டீ வைக்கட்டுங்களா?" என்று உள்ளே போனாள்.

திங்கட்கிழமை துறைத்தலைவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை, எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொன்னார்: "கவலைப்படாதீங்கம்மா, பரீட்சைக்கு வராதவங்களைத் தேர்ச்சி விகிதத்துல சேர்க்க மாட்டாங்க."

மொத்தத்தில், இந்த வேலையில் என் கையில் இருப்பது பாடத்திட்டத்தை முடிப்பது ஒன்றுதான். மண்சரிவென்று லீவு விட்டுவிட்டால் அதுவும் இல்லை.