பிரிட்ஜுக்கு வைத்த சந்தனம்

இதை எழுத வேண்டும் என்று நினைத்து மூன்று வருடமாகிறது. பல தடவை கொப்பியைத் திறந்து பிள்ளையார் சுழி போட்டேன். சுழி மட்டும் நன்றாக வந்தது. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். புறக்கோட்டையில் ஒரு புடவைக் கடையில் முப்பது வருடத்துக்கு மேல் துணிக்கட்டுகளுக்குச் சீட்டு எழுதியதுதான் என் எழுத்து. ஆனால் தயக்கத்துக்குக் காரணம் அதுவல்ல. உள்ளதை எழுதினால் நான் என் மனைவிக்குச் செய்த ஒரு காரியத்தையும் எழுத வேண்டி வரும். அதை மட்டும் விட்டுவிட்டு ஒருமுறை எழுதிப் பார்த்தேன். அதில் நான் பெரிய பக்திமானாகத் தெரிந்தேன். கிழித்துப் போட்டேன்.

வெள்ளவத்தையில், கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், தொடர்மாடியின் நாலாம் தளத்தில் நானும் மனைவியும் இருக்கிறோம். மகன் கனடாவில். அவன் போவதற்கு முன் வாங்கித் தந்தது எங்கள் வெள்ளைப் பிரிட்ஜ். ஒற்றைக் கதவு, மேலே ஐஸ் பெட்டி. நான் சொல்லும் காலத்தில் அதற்குப் பதினொரு வயது.

மனைவிக்குச் சீனி வருத்தம். காலையும் மாலையும் இன்சுலின் ஊசி. மருந்துத் தட்டுப்பாடு வந்த காலத்தில் பாமன்கடை தொடக்கம் கொட்டாஞ்சேனை வரை பாமசி பாமசியாக அலைந்தவன் நான். அந்தப் பயத்தில், தட்டுப்பாடு தீர்ந்த பிறகும், நாலு மாதத்து மருந்தை ஒரேயடியாக வாங்கி, பிரிட்ஜ் கதவின் அடித்தட்டில் வரிசையாக அடுக்கி வைத்தேன். இனி அவளுடைய உயிருக்குக் குறைவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆயுத பூசைக்கு வீட்டிலுள்ள எல்லாச் சாமானுக்கும் பொட்டு வைப்பது என் வழக்கம். இஸ்திரிப் பெட்டி, தையல் மெஷின், தண்ணி மோட்டர், எல்லாவற்றுக்கும் திருநீறு, சந்தனம், குங்குமம். பிரிட்ஜுக்கும் முதல் வருடம் கதவின் நடுவில் வைத்தேன். குங்குமம் ஊறிச் சிவப்பாகப் பிடித்துவிட்டது.

"வாற சனம் இது என்ன, பிரிட்ஜுக்குக் காயமோ எண்டு கேக்குதுகள்" என்றாள் மனைவி.

அதனால் அடுத்த வருடம் முதல் குங்குமத்தை விட்டுவிட்டு, சந்தனத்தை மட்டும் கதவின் உட்பக்கம், கீழ் மூலையில், றப்பர் ஓடுகிற இடத்தில் வைத்தேன். பூசித்து வைத்ததைத் துடைக்க மனம் வராது. ஒவ்வொரு வருடமும் பழையதன் மேலேயே புதியதை வைத்து வந்தேன்.

அந்த வருடம் பிரிட்ஜ் படுத்துவிட்டது. காலையில் வாங்கிய பால் மாலையில் திரிந்தது. மாஜரின் குழம்பாக நின்றது. மேலே ஐஸ் பெட்டிக்குள் மட்டும் கை நுழையாத அளவுக்கு உறைபனி. மோட்டர் ஓய்வில்லாமல் உறுமியது.

அதே மாதங்களில் மனைவியின் சீனியும் ஏறத் தொடங்கியது. டொக்டர் மருந்தின் அளவைக் கூட்டினார். பிறகும் ஏறியது. மறுபடி கூட்டினார். மூன்றாம் முறை கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "களவா இனிப்புச் சாப்பிடுறீங்களோ அம்மா?" என்று கேட்டார்.

"இல்லை டொக்டர்" என்றாள்.

டொக்டர் அவளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். நானும் அவளைப் பார்க்கவில்லை. அந்த முறையும் அளவு கூடியது.

வீட்டுக்கு வந்து சீனிப் போத்தலில் பேனையால் கோடு போட்டு வைத்தேன். கருப்பட்டிப் பெட்டியை அலுமாரிக்குள் பூட்டினேன். இருந்தும் சீனி இறங்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலை சுவாமி விளக்கை ஏற்றிவிட்டு அவளைக் கூப்பிட்டேன்.

"இஞ்ச வாரும். இந்த விளக்குக்கு மேல கை வச்சுச் சொல்லும். ஒளிச்சு இனிப்புத் திண்டனீரோ?"

நாற்பது வருடம் என்னோடு வாழ்ந்தவள். சுவாலைக்கு மேல் கையை நீட்டி, "திண்டனானெண்டா இந்தக் கை கருகட்டும்" என்றாள். நான் போதும் என்று சொன்ன பிறகும் கையை எடுக்கவில்லை. நான்தான் பிடித்து இழுத்தேன். அன்றிலிருந்து என்னோடு கதைப்பதை அவள் குறைத்துக்கொண்டாள். சோறு போட்டாள், தேத்தண்ணி தந்தாள், தேவைக்கு இரண்டு சொல் சொன்னாள். அவ்வளவுதான்.

பிரிட்ஜும் அவளும் ஒரே வீட்டில் ஒரே நேரத்தில் சுகமில்லாமல் போனார்கள். இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று எனக்குத் தோன்றவேயில்லை. பால் கெட்டால் மணக்கிறது. இன்சுலின் கெட்டால் தண்ணீர் போலத் தெளிவாகவே இருக்கிறது. நான் தினமும் அந்தப் போத்தல்களைக் கும்பிட்டு எடுத்துக் கொடுத்தேன்.

முதலில் ஒழுங்கை முகப்பிலிருக்கும் சிங்களப் பாஸைக் கூப்பிட்டேன். திருத்த வேலை செய்பவரை இங்கே பாஸ் என்போம். அவர் பிரிட்ஜின் பின்னால் காது வைத்துக் கேட்டார். கதவைத் திறந்து பார்த்தார். கீழ் மூலையில் சந்தனத்தைக் கண்டதும் செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு வந்து, இரண்டு கையையும் கூப்பினார். பிறகு அந்த மூலைப் பக்கமே போகவில்லை.

"காஸ் நெஹே மஹத்தயா" என்றார். காஸ் இல்லையாம். காஸ் அடித்தார். இரண்டு நாள் எல்லாம் நன்றாகக் குளிர்ந்த மாதிரி எனக்கு இருந்தது. மூன்றாம் நாள் பால் திரிந்தது.

மகன் தொலைபேசியில் கத்தினான். "அப்பா, பதினொரு வருசம்! இஞ்சயெண்டா எப்பவோ ரோட்டில தூக்கி வச்சிருப்பினம். புதுசு வாங்குங்கோ."

எங்கள் பெருந்தெருவான காலி வீதியில் ஒரு பெரிய கடைக்குப் போனோம். விற்கிற பிள்ளை ஒரு கறுப்புப் பிரிட்ஜைக் காட்டினாள். கதவு முழுக்கக் கண்ணாடி. ஐஸ் பிடிக்காதாம், கதவைத் திறக்காமலே தண்ணி வருமாம். மனைவி அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, பல நாளைக்குப் பிறகு என்னோடு ஒரு முழு வசனம் கதைத்தாள்.

"இதில எங்க பொட்டு வைப்பீங்கள்? நெத்தியும் இல்லை, மூலையும் இல்லை."

விலைச் சீட்டைப் பார்த்துவிட்டு வெளியே வந்தோம். திருத்துவதா, மாற்றுவதா? எனக்குத் தெரியாத காரியத்தை அம்மனிடம் விடுவது என் பழக்கம். மறுநாள் கோயிலுக்குப் போய்ப் பூக்கட்டிப் பார்க்கச் சொன்னேன். வெள்ளைப் பூவை ஒரு வெற்றிலையிலும் சிவப்புப் பூவை இன்னொன்றிலும் மடித்து அம்மன் காலடியில் வைத்து, ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் திருத்துவது, சிவப்பு வந்தால் புதிது என்று மனதில் வைத்துக்கொண்டேன்.

"என்ன காரியத்துக்கு?" என்றார் ஐயர்.

"பிரிட்ஜுக்கு."

ஐயர் வெற்றிலைகளை மடித்து வைத்தார். "கலியாணத்துக்குக் கேக்கிறவை. கனடா விசாவுக்குக் கேக்கிறவை. பிரிட்ஜுக்கு நீங்கள்தான் முதல் ஆள்" என்று சொல்லிக்கொண்டே எடுத்தார். வெள்ளை வந்தது.

ஆகவே இன்னொரு பாஸைத் தேடினேன். மட்டக்குளியிலிருந்து ஒரு முஸ்லிம் மனிதர் வந்தார், நாற்பது வயதிருக்கும். அவர் பிரிட்ஜின் பின்பக்கம் போகவேயில்லை. சட்டைப் பையிலிருந்து பஸ் டிக்கெட் ஒன்றை எடுத்து, கதவிடுக்கில் வைத்துப் பூட்டி, இழுத்துப் பார்த்தார். மேலே இழுத்தார், டிக்கெட் வரவில்லை. பக்கத்தில் இழுத்தார், வரவில்லை. கீழ் மூலையில் வைத்ததும் டிக்கெட் தானாகவே கீழே விழுந்தது.

"ஐயா, கோவிக்காமக் கேளுங்க. காஸும் சரி, மோட்டரும் சரி. கதவுதான் பூட்டுப்படல்ல. வெளிக் காத்தெல்லாம் இதால உள்ளுக்குப் போகுது. அதான் மேல பனி அடைக்கிது, கீழ சூடாக ஈக்கிது." குனிந்து பார்த்தார். "இது என்ன, சீமெந்தா?"

"சந்தனம்" என்றேன்.

"எத்தன வருசத்துச் சந்தனம்?"

குசினிக்குள்ளிருந்து மனைவி சொன்னாள்: "பத்து வருசம், தம்பி. ஒண்டுக்கு மேல ஒண்டா அடுக்கியிருக்கிறார். வெட்டிப் பாத்தா மரத்தில மாதிரி வட்டம் வட்டமா எண்ணலாம்."

"முந்தி வந்த பாஸ் பாக்கல்லயா?"

"பாத்தவர். கும்பிட்டவர்" என்றாள் மனைவி.

அவர் சிரிக்கவில்லை. "நானும் பேசாமப் போயிருப்பேன் ஐயா. அடுத்தவங்கட சாமி விசயம். ஆனா இந்தத் தட்டுல ஈக்கிற மருந்தத்தான் எங்கட உம்மாவும் போடுறாங்க." ஒரு போத்தலைத் தொட்டுப் பார்த்து உடனே கையை எடுத்தார். "இது குளிரே இல்ல. எவ்வளவு நாளா இப்படி?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. மனைவிக்கு எனக்கு முந்தியே விளங்கிவிட்டது. குசினி வாசலில் வந்து நின்றாள். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"இந்த மருந்து ஒண்டையும் இனிப் போட வாணாம். புதுசு வாங்குங்க" என்றார் பாஸ். "சந்தனத்துல நான் கை வைக்க மாட்டேன். வச்ச ஆளே எடுங்க. சுடுதண்ணியில துணிய நனைச்சு மெல்ல மெல்லத் தேயுங்க, றப்பரும் இளகி இடத்துக்கு வரும்."

ஒரு மணித்தியாலம் முழங்காலில் நின்று தேய்த்தேன். வழிந்த தண்ணீர் யாருடைய காலிலும் படக்கூடாது என்று செம்பில் பிடித்தேன்.

"அதை என்ன செய்யப் போறீங்கள்? தெளிக்கிறதோ, குடிக்கிறதோ?" என்றாள் மனைவி.

பல்கனியில் இருந்த செவ்வரத்தைப் பூஞ்செடிக்கு ஊற்றினேன். டிக்கெட் அந்த மூலையிலும் இழுபடாமல் நின்றது. மறுநாள் பால் திரியவில்லை. பூ சொன்னது சரி. பத்து வருடம் அம்மனுக்கென்று செய்ததில்தான் பிழை. அந்தப் பிழை என்னுடையது.

கதை இதோடு முடிந்திருந்தால் நானும் நிம்மதியாக இருந்திருப்பேன். புது இன்சுலின் வாங்கி வந்தேன். வந்த வெள்ளிக்கிழமை, நன்றிக்கென்று வீட்டில் ஒரு பூசை வைத்தேன். மனைவி குளித்து, வழமைபோல ஊசியைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். டொக்டர் மூன்று முறை கூட்டிய அதே அளவு. கெட்ட மருந்துக்கென்று கூட்டிய அளவை நல்ல மருந்தில் போட்டால் என்ன ஆகும் என்று நாங்கள் இருவரும் யோசிக்கவில்லை. டொக்டரிடம் போய்ச் சொல்லவும் இல்லை. என்னவென்று சொல்வது? சந்தனத்தையா?

என் பூசை நீண்டது. தெரிந்த தேவாரமெல்லாம் பாடினேன், சிலதை இரண்டு தரம். படையல் முடியாமல் சாப்பிடக்கூடாது என்பது எங்கள் வீட்டு ஒழுங்கு. அவள் காத்திருந்தாள். தீபம் காட்டத் திரும்பினால், முகமெல்லாம் வியர்த்து, கண் எங்கோ பார்க்க, கையும் உதடும் நடுங்க, "பஸ் போயிட்டுதோ, பஸ் போயிட்டுதோ" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

சீனி இறங்கினால் இப்படி வரும், உடனே இனிப்புக் கொடுக்கவேண்டும் என்று டொக்டர் எப்போதோ சொல்லித் தந்திருந்தார். நல்ல வேளை, அவளுக்கு விழுங்க முடிந்தது. முதலில் சீனித் தண்ணீர் பருக்கினேன். பிறகு, கையில் கிடைத்தது படையலுக்கு வைத்த சர்க்கரைப் பொங்கல். தீபம் காட்டாமலே அள்ளி அவள் வாயில் வைத்தேன். "தின்னும், அம்மா, தின்னும்" என்று கெஞ்சினேன். ஒரு துளி இனிப்புக்காக அவளை விளக்கின் முன் நிறுத்தியவன், அதே விளக்கின் முன் நின்று கெஞ்சினேன்.

கால் மணித்தியாலத்தில் கண் தெளிந்தது. கன்னத்தில் ஒட்டியிருந்த பொங்கலைத் தொட்டுப் பார்த்தாள்.

"இப்ப திண்டனான்" என்றாள். "எழுதி வையுங்கோ."

அன்றே டொக்டரிடம் போனோம். எல்லாவற்றையும் சொன்னேன், சந்தனம் உட்பட. அளவைப் பழையபடி குறைத்தார். போகும்போது அவளைப் பார்த்து, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அம்மா, நானும் உங்களைச் சந்தேகப்பட்டிட்டன்" என்றார். படித்த மனிதர், கேட்க ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. நான் கேட்க இரண்டு நாள் எடுத்தேன்.

"நான் அண்டைக்குச் சத்தியம் கேட்டது பிழை" என்றேன்.

"எனக்கேன் சொல்றீங்கள்? அந்த விளக்குக்கு முன்னால வச்சுத்தானே கேட்டனீங்கள். அங்க போய்ச் சொல்லுங்கோ."

போய்ச் சொன்னேன். அவள் பின்னால் நின்று கேட்டாள்.

இனி, இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்பது. கோயிலில் விசாரித்தவர்களுக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: அம்மன் திருத்தச் சொன்னாள், சந்தனத்தால் வந்த வினை தீர்ந்தது, பூசையன்று சீனி இறங்கிவிட்டது. இதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. எவ்வளவு இறங்கியது என்பதைத்தான் சொல்லாமல் விட்டேன். சத்தியத்தையும் விட்டேன். மிச்சத்தை மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்கள். இரத்மலானையிலிருந்து சொந்தக்காரர் ஒருவர் எனக்கே ஒரு வட்சப் செய்தி அனுப்பினார். வெள்ளவத்தையில் ஓர் அடியார் பிரிட்ஜுக்குச் சந்தனம் வைத்து மனைவியின் சீனி வருத்தத்தைத் தீர்த்தாராம். பதினொரு பேருக்கு அனுப்ப வேண்டுமாம்.

போன மாதம் கோயில் வீதியில் ஓர் அம்மா என்னை மறித்தார். "அண்ணை, எந்த மூலை? இடப்பக்கமோ, வலப்பக்கமோ? வச்சு மூண்டு கிழமை. ஊசியையும் விட்டிட்டன்."

வீதியில் நின்றபடியே எல்லாவற்றையும் அவருக்குச் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு, "நீங்கள் தன்னடக்கமாக் கதைக்கிறியள், அண்ணை" என்று என்னைக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

அதனால் எழுதிவிட்டேன். வாசிக்கிறவர்களிடம் கேட்பது ஒன்றுதான். இதை மற்றவருக்குக் கொடுப்பதானால் இருக்கிறபடியே கொடுங்கள். இத்தனை பேருக்கு என்று கணக்கில்லை, கொடுக்காவிட்டால் ஒரு தீங்கும் வராது. அம்மனைக் கூட்டிச் சொல்லவும் வேண்டாம், குறைத்துச் சொல்லவும் வேண்டாம். நான் சத்தியம் கேட்டதை மரியாதைக்காக வெட்டிவிடாதீர்கள். ஊசியின் அளவை டொக்டர்தான் கூட்டவும் குறைக்கவும் வேண்டும் என்பதையும் விட்டுவிடாதீர்கள். அந்த அம்மாவைத் தெரிந்தவர்கள் யாராவது இதை வாசித்தால், இன்றைக்கே அவர் வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துக் காட்டுங்கள். நான் சொன்னால் நம்புகிறார் இல்லை.