வாடகைக்கு எடுத்த பொயின்ற்

எங்கள் வீட்டில் பொயின்ற் என்றால் ஒரே ஒரு பொருள்தான். அவுஸ்திரேலியாவுக்குள் வந்து குடியிருக்க ஒரு ஆளுக்கு எத்தனை பொயின்ற் தேறும் என்பது. வயதுக்கு இவ்வளவு, படிப்புக்கு இவ்வளவு, இங்கிலீசுக்கு இவ்வளவு, கூடப்பிறந்தவர் இங்கே இருந்தால் அதற்குக் கொஞ்சம். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்து, போதுமென்றால் அரசாங்கம் உள்ளே விடும். போதாதென்றால் விடாது. மகன் இங்கே படிக்க வந்து, அந்தப் பொயின்றில்தான் தங்கினான். பிறகு என்னையும் தகப்பனையும் எடுப்பித்தான். தாய் தகப்பனுக்குப் பொயின்ற் கேட்பதில்லை. மிஞ்சியவள் மகள்.

அவள் கொழும்பில், வெள்ளவத்தையில் ஒரு அறையில் இருந்துகொண்டு சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தாள். தமையன் இரண்டு முறை அவளுக்காகப் பத்திரம் போட்டான். இரண்டு முறையும் ஐந்து பொயின்ற் குறைந்தது. இங்கிலீசுச் சோதனையில் கொஞ்சம் கூட எடுத்தால், அதற்குள் வயது கூடி அந்தப் பக்கத்தால் குறைந்துவிடும். அவளுடைய பிறந்தநாள் வந்தால் வாழ்த்துச் சொல்ல எனக்கு வாய் வராது. சும்மா வந்து பார்த்துவிட்டுப் போகிற விசாவுக்கும் போட்டோம். திரும்பிப் போகமாட்டாள் என்று சொல்லி மறுத்துவிட்டார்கள்.

ஒருநாள் சிட்னியில், மகனின் கிரவீன் வீட்டில், சாப்பாட்டு மேசையில் பத்திரங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு மகன் சொன்னான்.

"அம்மா, அஞ்சு குறையுது. நான் என்ன செய்ய?"

"நீ அளவுக்கு மிஞ்சிப் படிச்சு வைச்சிருக்கிறாய். உன்ரயில ஒரு அஞ்சைக் குடன்."

"அது எடுத்துக் குடுக்கிற சாமான் இல்லையம்மா."

"ஏன், பல்லுப்போல முளைச்சுக் கிடக்குதோ?"

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். குசினிக்குப் போய் மனைவிக்கும் சொல்லிச் சிரித்தான். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் ஒரு சுண்டு அரிசி கடன் கேட்டும் அயல்வீட்டுக்குப் போனவள் இல்லை. நாலு பேருக்கு முன்னால் ஒருவரையும் என்னைப் பார்த்துச் சிரிக்கவும் விட்டதில்லை. அன்றைக்கு அந்தச் சிரிப்பு எனக்குள் போய் இருந்துவிட்டது. இனி இந்த விசயத்தில் மகனிடம் ஒரு சொல்லும் கேட்பதில்லை என்று முடிவெடுத்தேன்.

அடுத்த சித்திரைக்கு ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்குப் போனோம். பிள்ளைகளின் தகப்பன் அதற்கு முந்திய வருடம் காலமாகிவிட்டார். மகனும் பிள்ளைகளும் தோசைக்கு வரிசையில் நிற்க, நான் கன்ரீனில் ஒரு கதிரை பிடித்து இருந்தேன். எதிரில் ஒரு மலேசியத் தமிழ்ப்பெண் வந்து இருந்தாள். கணவர் பெரிய டொக்டர். கோயிலில் பலமுறை கண்டு சிரித்திருக்கிறோம். அவள் பக்கத்தில் இருந்த இன்னொருத்தியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எங்ககிட்ட பாயிண்ட்ஸ் நெறைய சும்மா கெடக்கு. வருஷா வருஷம் வீணாத்தான் போகுது. யாராச்சும் கேட்டா வாடகைக்குக் குடுத்துடுவோம்."

என் கையில் இருந்த பிரசாதத்தை நான் கீழே வைத்துவிட்டேன்.

"பிள்ளை, பொயின்ற் வாடகைக்குக் குடுக்கலாமோ?"

"குடுக்கலாமே ஆண்ட்டி. நெறைய பேரு அப்படித்தான் செய்றாங்க."

"ஆருக்கும் குடுக்கலாமோ? சொந்தக்காரர் இல்லாட்டியும்?"

"யாரா இருந்தா என்ன? பேரை எழுதிக் குடுத்தாப் போதும். ஆனா அந்த வருஷத்துக்குள்ள பயன்படுத்திடணும். இல்லேன்னா போயிடும்."

எனக்கு எல்லாம் சரியாகப் பொருந்தியது. டொக்டர் குடும்பம். இரண்டு பேரும் படித்தவர்கள். தேவைக்கு மேல் கிடக்கத்தானே செய்யும். வயது ஏற ஏறக் கரைவதும் எனக்குத் தெரிந்த கதைதான். வாடகை என்பதும் எனக்குப் புதினமாகப் படவில்லை. இந்த நாட்டில் கலியாணத்துக்குக் கதிரை வாடகை, மணவறை வாடகை, மாப்பிள்ளை வந்து இறங்குகிற கார் வாடகை. என் மகன் பட்டம் வாங்கிய அன்றைக்குப் போட்டு நின்ற கறுப்புச் சட்டையே வாடகைச் சட்டைதான். அந்தப் படத்தைத்தான் ஊரெல்லாம் காட்டினோம்.

"எனக்கு வேணும்," என்றேன். "என்ன வாடகையோ அதை ஒரு சதமும் குறைக்காமல் தருவன்."

"சரி ஆண்ட்டி. யார் பேர்ல போடணும்?"

மகளின் பெயரை அர்ச்சனைச் சீட்டின் பின்பக்கத்தில் இங்கிலீசில் எழுதிக் கொடுத்தேன். எனக்கு எழுதத் தெரிந்த இங்கிலீசு அவ்வளவுதான். கடித உறைகளில் எழுதி எழுதி வந்தது.

"இவங்க மட்டுமா?"

"அவள் ஒருத்திதான். மற்ற எல்லாரும் இருக்கிறம்தானே."

"அப்போ குடும்பத்தோட."

"ஓம். குடும்பத்தோட சேரத்தானே இவ்வளவும்."

அவள் சிரித்தாள். கிடைத்ததும் சொல்கிறேன், பள்ளிக்கூட லீவு நேரத்தில் கொஞ்சம் நெருக்கடி என்றாள். பள்ளிக்கூட லீவுக்கும் இதற்கும் என்ன என்று நான் யோசிக்கவில்லை. அரசாங்க அலுவல்கள் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

அந்தக் கிழமையே மகள் ரெலிபோன் எடுத்தாள். வழமையைப்போல் இருமல், மழை, பஸ் என்று தொடங்கவில்லை. கூடப் படிப்பிக்கிறவளின் தமையன் ஒருவர் தன்னைக் கேட்டு வந்திருக்கிறார் என்றாள். மன்னாரில் வாத்தியார்.

"நல்ல மனிசன் அம்மா. சத்தம் போட்டுக் கதைக்கமாட்டார். நான் என்ன சொல்லட்டும்?"

என் மகள் அதற்கு முன் ஒரு ஆண்பிள்ளையைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. குரலில் ஒரு கூச்சம் இருந்தது. முப்பத்தெட்டு வயதில் கூச்சம். அது எனக்குக் கேட்கத்தான் செய்தது. கேட்டும் என் தலைக்குள் வேறொன்று ஓடியது. கலியாணம் முடித்தால் இரண்டு பேர் பெயரில் பத்திரம் போடவேண்டும், எல்லாம் முதலிலிருந்து தொடங்கும், வாடகைக்கு எடுத்தது போதாது.

"அவசரப்படாதை பிள்ளை. உனக்குப் பொயின்ற் எடுத்தாச்சு."

"ஆர் எடுத்தது? அண்ணாவோ?"

"நான்."

"உண்மையாவோ அம்மா?"

"நான் உனக்கு எப்ப பொய் சொன்னனான்?"

 "சரி அம்மா," என்றாள்.

ஆறு கிழமைக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை மலேசியப் பிள்ளை வீட்டுக்கு வருவதாகச் சொன்னாள். கடதாசி வந்துவிட்டதாம். நான் காலையிலேயே வடைக்கு உழுந்து ஊறப்போட்டேன். புல்லு வெட்டப் போக எழும்பிய மகனை மறித்தேன்.

"இதில இரு. கொம்மா என்ன செய்தவ எண்டு பார்."

அவள் வந்தாள். வடையும் தேத்தண்ணியும் கொடுத்தோம். கைப்பையிலிருந்து கடதாசியை எடுத்து என்னிடம் நீட்டினாள். நான் பேத்தியிடம் கொடுத்து, எல்லாருக்கும் கேட்க வாசி என்றேன். பேத்திக்கு அப்போது பத்து வயது. வாசித்துக்கொண்டு போனவள் "ஃபைவ்" என்று ஒரு சொல் சொன்னாள். அந்தச் சொல் எனக்குத் தெரியும். அஞ்சு. குறைந்துகொண்டிருந்த அஞ்சு வந்துவிட்டது என்று என் இரண்டு கையும் தானாகக் கும்பிட்டது.

"ஃபைவ் நைட்ஸ், அப்பம்மா," என்று பேத்தி துள்ளினாள். "இது ரிசோர்ட். கோல்ட் கோஸ்ட்டில. தீம் பார்க்குக்குப் பக்கத்தில."

மகன் என்னைப் பார்த்தான். "என்னம்மா இது, எங்களுக்கோ?"

மலேசியப் பிள்ளை விளங்கப்படுத்தினாள். "ஆண்ட்டிதான் எங்க பாயிண்ட்ஸை எடுத்தாங்க. நாங்க ஒரு ஹாலிடே கம்பெனியில பங்கு வாங்கி வச்சிருக்கோம். வருஷத்துக்கு இவ்வளவு பாயிண்ட்ஸ்னு குடுப்பாங்க. அதை வச்சு அவங்க ஹோட்டல்ல தங்கலாம். எங்களுக்குப் போக நேரம் இல்ல, அதான் வாடகைக்கு விடறோம்."

 பேத்தி இன்னும் கடதாசியை விடவில்லை.

"ஆனா இதில கொழும்பு மாமியின்ர பேர் கிடக்கு."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். அந்த இடத்தில் நான் உள்ளதைச் சொல்லியிருக்கலாம். மகன் கெட்டவன் இல்லை. ஆனால் முதலில் சிரித்திருப்பான். சிரித்து முடிந்த பிறகுதான் துக்கப்பட்டிருப்பான். அந்தச் சிரிப்பை, அதுவும் அந்நியப் பெண் ஒருத்திக்கு முன்னால், என்னால் நினைக்கவே முடியவில்லை.

"ஓம், உங்களுக்குத்தான்," என்றேன். "ஆற்றை பேர் எண்டு கேட்டா. வாயில வந்த பேரைச் சொல்லிப்போட்டன்."

"பரவால்ல ஆண்ட்டி, மாத்திடலாம். ஒரு ஃபோன் போதும்," என்று அவள் எங்கள் ரெலிபோனிலேயே எடுத்துப் பேசினாள். மகளின் பெயரை எடுத்துவிட்டு மகனின் பெயரைப் போட்டார்கள். அந்தப் பெயரை இந்த நாட்டுக்குள் எடுக்க நாங்கள் எத்தனை வருடம் நின்றோம். வெளியே எடுக்க இரண்டு நிமிடம் போதுமாக இருந்தது.

போகும்போது வாசலில் அவள் என் கையைப் பிடித்தாள்.

"ஆண்ட்டி, அன்னிக்குக் கோயில்ல நீங்க வேற எதையாச்சும் நெனச்சுக்கிட்டு..."

"வடை எப்பிடி இருந்தது?" என்று கேட்டேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். "நல்லா இருந்துச்சு ஆண்ட்டி," என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினாள்.

லீவு வருவதற்குள் மகள் மூன்று முறை ரெலிபோன் எடுத்தாள். எந்த எம்பசிக்கு எந்தக் கடதாசி கொண்டுபோகவேண்டும் என்று கேட்டாள். இரண்டு முறை, நடக்குது பிள்ளை, நடக்குது என்றேன். மூன்றாம் முறை, படுத்துவிட்டேன் என்று மருமகளைக் கொண்டு சொல்லுவித்தேன்.

ஹோட்டல் நல்ல ஹோட்டல். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. இரண்டு படுக்கையறை, ஒரு சின்னக் குசினி, மடித்து வைத்த வெள்ளைத் துவாய்கள். சன்னலைத் திறந்தால் தீம் பார்க் முழுவதும் தெரியும். உயரத்திலிருந்து வண்டி தலைகீழாக விழும். அதிலிருந்தவர்கள் சேர்ந்து குழறுவார்கள். திரும்பவும் வரிசையில் போய் நிற்பார்கள். இரண்டாம் நாள் மத்தியானம் எல்லாரும் அங்கே போய்விட, நான் சன்னலைப் பூட்டிவிட்டு ரெலிபோன் அட்டையை எடுத்தேன். கொழும்பில் அப்போது ஞாயிற்றுக்கிழமைக் காலை. அறையில்தான் இருப்பாள்.

ஒன்றையும் மறைக்காமல் சொன்னேன். கோயிலில் தொடங்கி, நான் நின்று பேசுகிற அறை வரைக்கும். 

"ஹோட்டலோ அம்மா?" என்றாள் கடைசியில். பிறகு சிரித்தாள். மகன் சிரித்த மாதிரி இல்லை. கொஞ்சமாகத்தான் சிரித்தாள்.

"அந்த வாத்தியாருக்கு என்ன சொன்னனீ?"

"நீங்கள் சொன்ன அண்டைக்கே வேண்டாம் எண்டு சொல்லியனுப்பிப்போட்டன்."

"திரும்பக் கேட்டுப் பார் பிள்ளை. நான் சொன்னதெண்டு சொல்லு. பிழை என்ர எண்டு சொல்லு."

"அவையள் வேற இடத்தில பேசி முடிச்சிட்டினம் அம்மா. தையில கலியாணம்."

அட்டையில் எத்தனை நிமிடம் மிச்சம் என்று ஒரு குரல் இடையில் இங்கிலீசில் சொல்லியது. அது முடியும்வரை இரண்டு பேரும் பொறுத்திருந்தோம்.

"அம்மா, அண்ணாட்டைச் சொல்லாதேங்கோ."

"ஏன்?"

"அவர் சிரிப்பார். நீங்கள் தாங்கமாட்டியள்."

அவள் ஏசியிருந்தால் நான் நிமிர்ந்து நின்று கேட்டிருப்பேன். ஏசுவதைத் தாங்க எனக்குத் தெரியும். இதை எப்படித் தாங்குவது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

பின்னேரம் எல்லாரும் தெப்பமாக நனைந்து வந்தார்கள். மகன் என் கட்டிலில் வந்து இருந்தான். "உங்களுக்கு இப்பிடி ஒரு ஆசை இருந்தது எனக்குத் தெரியாமப் போச்சே அம்மா. நாங்கள் வேலை வேலை எண்டு உங்களை ஒரு இடமும் கொண்டுபோகேல்லை," என்றான். அவனுடைய கண் கலங்கியிருந்தது. அடுத்த வருடம் அவனே அந்த மலேசியப் பிள்ளையிடம் போய்ப் பொயின்ற் வாடகைக்கு எடுத்தான். அதற்கு அடுத்த வருடமும் எடுத்தான். அம்மாவுக்குப் பிடித்த இடம் என்று வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சொல்கிறான். ஆறு முறை போய்விட்டோம். பிள்ளைகள் வளர்ந்து, இப்போது எங்களோடு வரப் பஞ்சிப்படுகிறார்கள். எனக்காக வருகிறார்கள். இதை அவன் வாசித்தால் வாசிக்கட்டும். நான் சிரிப்புக்குப் பயந்த காலம் முடிந்துவிட்டது.

மகளுக்கு நாற்பத்தைந்து வயது முடிந்தது. அந்த வயதுக்குப் பிறகு பொயின்ற் கூட்டிப் பார்ப்பதே இல்லையாம். பத்திரம் வாங்கவே மாட்டார்கள். அவள் அதே அறையில்தான் இருக்கிறாள். அவளிடம் படித்த பிள்ளைகள் தங்கள் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுகிறார்களாம்.

ஒவ்வொரு முறையும் அந்த ஹோட்டலிலிருந்து அவளுக்கு எடுப்பேன். ஏன் அங்கே இருக்கிறேன் என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். போனமுறை எடுத்தபோது, "இந்தமுறை எத்தினையாம் மாடி?" என்று கேட்டாள்.

"ரெண்டாம் மாடி."

"கடல் தெரியுதோ அம்மா?"

தெரியுது என்று சொல்லியிருந்தால் அவளுக்குச் சந்தோசமாக இருந்திருக்கும். ஆனால் இல்லாத ஒன்றை அவளிடம் நான் ஒருமுறை சொன்னது போதும்.

"இல்லைப் பிள்ளை," என்றேன். "கார் நிப்பாட்டுற இடம்தான் தெரியுது."