ஒரே பிளாட்பாரத்தில் இரண்டு கேஜ்

நான் மாடல் செய்கிறவள். அடுக்குமாடி வீடு, கல்யாண மண்டபம், சர்ச் முகப்பு என்று பில்டர்கள் கேட்பதையெல்லாம் ஃபோம் போர்டிலும் அக்ரிலிக்கிலும் சின்னதாகச் செய்து மேஜைமேல் வைப்பது தொழில். என் மாடல்களில் இருந்த நீச்சல் குளங்களில் ஒன்றைக்கூட யாரும் நிஜத்தில் வெட்டவில்லை. அது பில்டர்களின் பிரச்சினை.

ரயில் மாடல் செய்தது ஒரு தடவைதான். ஆனால் இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகள் அதைப் பற்றித்தான் கேட்கிறார்கள். காரணம், நான் முன்பு வேலை பார்த்த நாகர்கோவில் கடையின் விசிட்டிங் கார்டில் இன்றைக்கும் அதன் படம் இருக்கிறது. கார்டில் இடமில்லாமல் போன விஷயங்களை இங்கே எழுதுகிறேன்.

1. நேந்திரங்காயும் வெண்டைக்காயும்

கன்னியாகுமரியில் லாட்ஜ் வைத்திருக்கும் பெனடிக்ட் சார் ஒரு நாள் கடைக்கு இரண்டு அட்டைப்பெட்டிகளோடு வந்தார். பல வருடம் துபாயில் இருந்துவிட்டு வந்தவர். லாபியைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, லாபிக்குள்ள கேறுன ஒடனே டூரிஸ்ட்டு அப்படியே நின்னுரணும். ஒரு பக்கம் எக்ஸ்பிரஸ் வருது. இன்னொரு பக்கம் அந்தக் காலத்து மீட்டர் கேஜ் கரிவண்டி வருது. ரெண்டும் நம்ம நாகர்கோயில் ஸ்டேஷன்ல வந்து நிக்குது. எப்படி?"

"சார், நம்ம ஜில்லாவுல மீட்டர் கேஜே கெடையாது. ரயிலு வந்ததே பிராட் கேஜ்லதான். மீட்டர் கேஜ் பாக்கணும்னா செங்கோட்டைப் பக்கம்லா போணும்."

"டெல்லிக்காரன் வந்து அதையா கேக்கப் போறான்?"

கேட்க மாட்டான்தான். பெட்டிகளைத் திறந்தேன். ஒன்றில் எக்ஸ்பிரஸ் இன்ஜின், நேந்திரங்காய் அளவு. மற்றதில் கரி இன்ஜின், வெண்டைக்காய் அளவு. முதலாவது HO என்கிற ரகம், அதன் தண்டவாள அகலம் பதினாறரை மில்லிமீட்டர். இரண்டாவது N, ஒன்பது மில்லிமீட்டர். கேஜ் மட்டுமல்ல, ஸ்கேலும் வேறு. HO-வில் ஒரு ஆள் இரண்டு சென்டிமீட்டர் உயரம் என்றால், N-இல் ஒரு சென்டிமீட்டர். இரண்டையும் ஒரே மேஜையில் ஓடவிடலாம். ஒரே ஊரில் ஓடுவதாகக் காட்டத்தான் முடியாது.

இதைச் சொன்னேன். பெனடிக்ட் சார் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரெண்டும் ரயில்தானே? கடைக்காரன் இதச் சொல்லலியே."

எங்கள் முதலாளி தங்கதுரை அண்ணாச்சி குறுக்கே விழுந்தார். "அதெல்லாம் ஆயிரும் சார். சுகந்தி எங்க டெக்னிக்கல் ஹெட்டாக்கும். அவ பாத்துக்கிடுவா."

அதுவரை அந்தக் கடையில் அப்படி ஒரு பதவி இருந்ததே எனக்குத் தெரியாது.

2. பிளான்

நான் போட்ட பிளான் இது. எட்டடிக்கு நாலடி பிளைவுட். முன்பக்கம் HO, ஸ்டேஷன், பெரிய தென்னைகள். பின்பக்கம் தோவாளை மலை மாதிரி ஒரு மலை. அதில் N பாதை ஏறி இறங்கும். மலையடிவார வீடுகளும் மரங்களும் N அளவில் சின்னதாக இருக்கும். நின்று பார்க்கிறவர் கண்ணுக்குச் சின்ன ரயில் தூரத்தில் போவதுபோலத் தெரியும். இரண்டு பாதையும் எங்கும் தொடாது. கேஜ் வித்தியாசம் குறையாகத் தெரியாமல், தூரமாகத் தெரியும்.

எனக்கு அந்தப் பிளான் மிகவும் பிடித்திருந்தது. பெனடிக்ட் சாருக்குப் பிடிக்கவில்லை. ரெண்டு வண்டியும் ஒரே பிளாட்பாரத்தில் நிற்க வேண்டும் என்றார். அந்தப் பிளாட்பாரத்தில் ஸ்டேஷன் மாஸ்டர் உடுப்பில், பச்சைக் கொடியோடு, அவரே நிற்க வேண்டும். 3D பிரிண்டில் அவரைச் செய்து கொண்டுபோய்க் காட்டினோம்.

"இது என்ன தங்கச்சி, எறும்பு போல இருக்கு? கொஞ்சம் பெருசாக்கப்படாதா?"

"பெருசாக்குனா நீங்க ரயிலுக்குள்ள கேற முடியாது சார்."

பொம்மையைச் சின்ன ரயிலின் பக்கத்தில் வைத்தேன், அங்கே அவர் எறும்பாகத் தெரிய வாய்ப்பே இல்லை. பெட்டியின் கூரை அவர் நெஞ்சளவுக்குத்தான் வந்தது. அதைப் பார்த்ததும் சார் முகம் மலர்ந்துவிட்டது. அப்போதே எனக்குப் புரிந்தது, இனி ஒரே பிளாட்பாரம்தான்.

ஒரே பிளாட்பாரம் என்றால் மூன்று தண்டவாளம் போட வேண்டும். ஒன்று இரண்டு வண்டிக்கும் பொது. மற்ற இரண்டில் ஒன்று பதினாறரையில், ஒன்று ஒன்பதில். போடுவது சிரமமில்லை. சின்ன பாதை பிரிந்து போகும் இடத்தில்தான் வினை. பெரிய சக்கரத்துக்காக விட்ட இடைவெளியில் சின்ன சக்கரம் விழுந்துவிடும். பித்தளைத் துண்டு வைத்து, சால்டர் பண்ணி, அரம் போட்டு, மறுபடி சால்டர் பண்ணி, ஒருவழியாகச் சக்கரம் விழாமல் தாண்ட வைத்தேன். பிறகு ஒரு ரிலே வைத்தேன். ஒரு வண்டி ஸ்டேஷனுக்குள் இருந்தால் மற்ற வண்டிக்குக் கரண்ட் போகாது. பாதை ஒன்றுதானே, முட்டிக்கொள்ளக் கூடாது.

3. கிரானைட் தரை

மேஜையை லாபிக்குக் கொண்டுபோய் வைத்தோம். திறப்பு விழாவுக்கு முன்னால் குடும்பத்தாருக்கு மட்டும் ஒரு ட்ரையல். சித்தப்பா, மச்சான், மருமகள் எல்லாரும் போனைத் தூக்கிப் பிடித்து ரீல் எடுக்கத் தயாராக நின்றார்கள்.

அவர்கள் வருவதற்குச் சற்று முன்னால் அண்ணாச்சி என்னிடம் வந்தார். "அந்த ரிலேயக் கழத்திரு. ரெண்டும் ஒண்ணா ஓடணும்னு சாரு சொல்லிட்டாரு."

"முட்டிரும் அண்ணாச்சி."

"முட்டாது. நான் சொல்லுதம்லா."

நான் கழற்ற மாட்டேன் என்றேன். அவரே மேஜைக்கு அடியில் போனார், உருவினார், சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வயரை முறுக்கிச் சேர்த்து டேப் ஒட்டினார். இதற்கு மட்டும் டெக்னிக்கல் ஹெட் தேவைப்படவில்லை.

பெனடிக்ட் சார் இரண்டு வண்டியின் வேக ரெகுலேட்டரையும் இரண்டு கையால் பிடித்தார். ஜீப் ஓட்டுகிறவர் மாதிரி கால்களை அகட்டி நின்றார். இரண்டையும் முழுசாகத் திருப்பினார். கரிவண்டி முதலில் ஸ்டேஷனுக்குள் வந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். எக்ஸ்பிரஸ் பின்னாலேயே வந்து, கொஞ்சமும் வேகம் குறையாமல், அதைத் தள்ளிக்கொண்டே போனது. வளைவு வந்தது. எக்ஸ்பிரஸ் வளைந்தது. கரிவண்டி வளையவில்லை. மேஜை விளிம்பைத் தாண்டிக் கிரானைட் தரையில் விழுந்தது. புகைபோக்கி ஒரு பக்கம், சக்கரம் ஒரு பக்கம்.

"என்னவே இது?" பெனடிக்ட் சார் அண்ணாச்சியைப் பார்த்துக் கத்தினார்.

அண்ணாச்சி என்னைப் பார்க்கவே இல்லை. "சின்னப் பிள்ளைலா சார். வயரிங்ல தப்புப் பண்ணிட்டா."

எனக்கு அப்போது நாற்பது தாண்டியிருந்தது. அழுதுவிடுவேனோ என்றுகூட இருந்தது. ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"ரிலே உங்க பாக்கெட்லதான் இருக்கு அண்ணாச்சி."

அவர் கை தானாகவே சட்டைப் பைக்குப் போனது. எல்லார் போனும் ஓடிக்கொண்டிருந்தது.

4. ரோஸ்லின் அக்கா

ரிசப்ஷன் மேஜைக்குப் பின்னாலிருந்து பெனடிக்ட் சாரின் மனைவி ரோஸ்லின் அக்கா எழுந்து வந்தார். சார் துபாயில் இருந்த காலமெல்லாம் லாட்ஜை நடத்தியது இந்த அக்காதான். அதுவரை இந்த ரயில் விஷயத்தில் அவரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை. குனிந்து, உடைந்த துண்டுகளைப் பொறுக்கிக் கையில் வைத்துக்கொண்டார்.

"மக்களே, நீ மொதல்ல வேற ஒரு பிளான் சொன்னியாமே?"

"ஆமா அக்கா. ரெண்டும் தொடாம."

"ரோசு, அதில்ல..." என்று சார் ஆரம்பித்தார்.

"நீங்க சும்ம இரிங்க. நீங்க ஒரு நாளு ஓட்டிட்டுப் போயிருவீங்க. தெனமும் இது கிட்ட நிக்கப் போறது நானாக்கும்." என் பக்கம் திரும்பினார். "நீ சொன்னது போலச் செய்யி. ஒரு சுவிட்சு போட்டா ஓடணும், அணைச்சா நிக்கணும். பின்ன, மேல கண்ணாடிப் பெட்டி உண்டுமா?"

"அது பிளான்ல இல்ல அக்கா."

"நான் கடக்கர இனயத்துக்காரி. உப்புக்காத்து வாசக்கதவு கீலையே திங்குது. இந்த நூலுக் கம்பியச் சும்ம விடுமா?"

நான் யோசிக்காத விஷயம். நாகர்கோவில் கடையில் உட்கார்ந்துகொண்டு கடலை மறந்துவிட்டேன்.

மூன்றாவது தண்டவாளத்தைப் பிடுங்கினேன். மலையைக் கட்டினேன். கரி இன்ஜினை ஒட்டி ஓடவைத்தேன், புகைபோக்கி கொஞ்சம் கோணல்தான். முதல் தடவை அது மலை ஏறவே இல்லை. ஏற்றம் அதிகமாகிவிட்டது, என் கணக்குத்தான் தப்பு. பாதையை இன்னொரு சுற்று நீட்டிப் போட்ட பிறகு ஏறியது. ரோஸ்லின் அக்கா அன்றாடம் வந்து பார்த்துவிட்டு, "கேறிச்சா?" என்று மட்டும் கேட்பார். கேறிய அன்றைக்கு எனக்கு மீன்கறியோடு சோறு போட்டார்.

5. திறப்பு விழா

விழாவுக்குத் தொகுதிப் பெரிய மனிதர் வந்தார், சுவிட்சைப் போட்டார். முன்னால் எக்ஸ்பிரஸ் ஸ்டேஷனில் வந்து நின்றது. பின்னால் மலைமேல் கரிவண்டி தன் பாட்டுக்குப் போனது. எவ்வளவு தூரத்தில் போகிறது என்று ஒரு வடநாட்டுக் குடும்பத்துக் குழந்தை கேட்டது. பெனடிக்ட் சார் பெரிய மனிதரிடம் விளக்கிக்கொண்டிருந்தார். "இதுக்குப் பேரு பெர்ஸ்பெக்டிவ். நான் மொதல்லயே சொல்லிட்டேன், ரெண்டையும் சேக்கப்படாதுன்னு."

அண்ணாச்சி தலையை ஆட்டினார். "ஆமா சார். சாரோட ஐடியாதான்."

மறுநாள் கடையில் அண்ணாச்சி சண்டைக்கு வந்தார். "அத்தன பேரு முன்னாலயும் என்ன நாறடிச்சிட்டியே?"

"நீங்க அத்தன பேரு முன்னாலதான அண்ணாச்சி எம்பேரச் சொன்னீங்க?"

அதோடு அங்கே என் வேலை முடிந்தது. இப்போது இரணியலில் சொந்தமாகக் கடை வைத்திருக்கிறேன். முதல் ஆர்டரை அனுப்பியது ரோஸ்லின் அக்கா.

தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு: இரண்டு கேஜை ஒரே மேஜையில் போடுவது பெரிய வித்தையல்ல, எவரும் பழகிக்கொள்ளலாம். நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு. இன்டர்வியூ முடிவில் "ஏதாவது கேக்கணுமா?" என்பார்கள். சம்பளம் கேட்பீர்கள், லீவு கேட்பீர்கள். கூட இதையும் கேளுங்கள்: "கீழ விழுந்து ஏதாவது ஒடஞ்சா, யாரு பேரச் சொல்லுவீங்க?" முதலாளி சிரித்தால் நீங்களும் சிரித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.