‘சரிபார்த்தவர்’ கட்டம்

ரஃபாயேலா ஊர்ப் பட்டறையில் நோர்பெர்த்தோ இருபது வருடமாக இயந்திர வரைபடம் போட்டுவந்தார். புதிதாய் வந்த நெலிதாவின் கோடுகளை முதலாளி புகழ்ந்த அன்று, அவருடைய வயிற்றெரிச்சலில் மாத்தே என்ற மூலிகைத் தேநீர்க் கெண்டி அடுப்பில்லாமலே கொதித்தது. என் கண்ணால் பார்த்தேன், நம்புங்கள்.

தலைமை வரைவாளர் யார் என்று முடிவாகும் மாதம் அது. மாவு பிசையும் இயந்திரத்தின் பக்கத் தோற்றத்தை நெலிதா இடம் வலம் மாற்றிப் போட்டுவிட்டாள். சரிபார்க்கும் நோர்பெர்த்தோ அதைக் கண்டார். “மாட்டட்டும்” என்று முணுமுணுத்து, கையெழுத்திட்டு அனுப்பிவிட்டார்.

இயந்திரம் போன வேகத்தில் ரொட்டிக்கடைக்காரர் வந்து கத்தினார்: “கைப்பிடி இடது பக்கம் இருக்குய்யா! நான் என்ன நொட்டாங்கைக்காரனா?”

“தப்பா வரைஞ்சது நான்தாங்க,” என்றாள் நெலிதா.

முதலாளி படத்தை விரித்தார். “நீ புதுசும்மா. ஏன்யா நோர்பெர்த்தோ, நீ பார்க்கலையா?”

“அவசரத்துல கவனிக்கலைங்க.”

“அவசரத்துலயா இவ்ளோ அழகாக் கையெழுத்துப் போட்டே?”

படத்தின் மூலையிலிருந்த ‘சரிபார்த்தவர்’ கட்டத்தில் அவர் பெயர் சுழியும் வாலுமாகப் பக்கத்துக் கட்டம்வரை நீண்டு கிடந்தது.

இப்போது அந்தக் கட்டத்தில் நெலிதா கையெழுத்திடுகிறாள். நோர்பெர்த்தோவின் படங்களில் ஒரு பிழையும் இருப்பதில்லை. அவள் கண்டுபிடித்துவிடக் கூடாதே!